சிறுவயது மனவடு: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

யாழ்ப்பாணத்தில் பல வருடமாக உளவளத்துணை செய்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

சுன்னாகத்திலிருந்து, 34 வயது: அக்கா, அப்பா குடித்துவிட்டு வந்து படலை திறக்கும் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்வேன். அவர் செத்து ஒன்பது வருடம். இன்றும் பக்கத்து வீட்டுப் படலை கிரீச்சிட்டால் நெஞ்சு படபடக்கிறது. எனக்குப் பைத்தியமா?

இல்லைத் தம்பி. இன்றைக்கு அடி விழுமா என்று அந்தச் சத்தத்தை வைத்தே கணிக்க உங்கள் உடம்பு பழகியிருக்கிறது. சின்ன வயதில் உங்களைக் காப்பாற்றிய பழக்கம் அது. ஒருநாள் வந்துபோன அதிர்ச்சி வேறு. காக்க வேண்டியவரின் கையாலேயே வருடக்கணக்காக வந்த பயம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடு, 2022இல் நடைமுறைக்கு வந்தது, இதைத் தனி நிலையாகவே சொல்கிறது. திடுக்கிடல், கெட்ட கனவு, ஒதுங்கிப் போதல் ஆகியவற்றோடு இன்னும் மூன்று: கோபமோ அழுகையோ அடங்காது அல்லது எல்லாம் மரத்துப்போகும், ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் ஊறியிருக்கும், யாரோடும் நெருங்கியிருப்பது கஷ்டமாக இருக்கும்.

சத்தம் கேட்டதும் இரண்டு காலையும் தரையில் ஊன்றுங்கள். மூச்சை எடுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். ‘இது பக்கத்து வீட்டுப் படலை, எனக்கு 34 வயது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் படலைக்கு எண்ணெய் போடச் சொல்லிக் கேட்பதிலும் பிழையில்லை.

கோண்டாவிலிலிருந்து: 95 இடப்பெயர்வில் எனக்கு ஆறு வயது. அந்த நடையைவிட, அதற்குப் பிறகு அம்மா அடித்த அடிதான் இன்னும் வலிக்கிறது. இப்படி நினைப்பது நன்றிகெட்டதனமா?

இல்லைத் தங்கச்சி. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே கிழக்கே தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தது. அப்படி ஒரு இழப்பு நடந்த ஊரில், வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வாய் வராது. ‘எவ்வளவு சனம் செத்தது, நீ அடியைச் சொல்லுறாய்’ என்பார்கள். அம்மா உடைந்துபோயிருந்தார் என்பது உண்மை. உங்களுக்கு வலித்ததும் உண்மை. மன்னித்தால்தான் குணமாகும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

கேள்வி: நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னால்தான் சுகமாகுமா?

தேவையில்லை. முதலில் நித்திரை, சாப்பாடு, பயமில்லாத ஒரு இடம், நம்பக்கூடிய ஒரு ஆள். கதை பிறகு, பயிற்சி பெற்றவரோடு, கொஞ்சம் கொஞ்சமாக. இங்கே நீண்டகாலம் வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, மந்திரம் அல்லது செபம் போன்ற எங்களுக்குப் பழகிய வழிகளையும் சிகிச்சையில் சேர்த்தார். முதல்நாளே எல்லாவற்றையும் கிளறச் சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடலாம்.

கேள்வி: காசில்லை, எங்கே போவது?

யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இரண்டிலும் உளநலப் பிரிவு உண்டு, இலவசம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுங்கள், அல்லது அப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு தகப்பன்: அடிவாங்கி வளர்ந்தவன் நான். நேற்று என் மகனை அடித்துவிட்டேன். அவன் முகத்தில் என்னைக் கண்டேன்.

ஐயா, கண்டுகொண்டீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபம் ஏறும்போது முற்றத்துக்குப் போய்விடுங்கள், அடங்கிய பிறகு வாருங்கள். அது பழகும்வரை ஒரு உளவளத்துணையாளரையும் பாருங்கள். ஆனால் இன்றிரவு, மகன் நித்திரைக்குப் போகமுன் பக்கத்தில் இருந்து, ‘அப்பா அடிச்சது பிழை. உன்னில ஒரு பிழையும் இல்லை’ என்று சொல்லுங்கள். உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.