நரம்பின் மறுமுனையில்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சிங்கப்பூரின் கடற்கரைகளைப் பற்றித் தாங்கள் எழுதும்போதெல்லாம் தூண்டில் போடுபவர்கள் எங்காவது வந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைத் தங்களிடம் கேட்கத் தோன்றியது.

என் கணவர் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிடோக் படகுத்துறைக்குக் கிளம்பிவிடுவார். விடிந்த பிறகுதான் வீடு திரும்புவார், அதுவும் பெரும்பாலும் வெறுங்கையோடு. கோலுக்கும் ரீலுக்கும் செலவழித்த பணத்தில் தேக்கா சந்தையில் எத்தனையோ நாள் நல்ல மீன் வாங்கியிருக்கலாம். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டால், "மனசுக்கு அமைதியா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அமைதிதான் தேவை என்றால் கோயிலுக்குப் போகலாம், பூங்காவில் நடக்கலாம். இரவெல்லாம் கண்விழித்துக் கொசுக்கடியில் நிற்பானேன்?

இப்போது தொடக்கநிலை 4இல் படிக்கும் மகனும் அப்பாவோடு போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுப்பதை விளையாட்டாக அவன் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மனிதர்கள் ஏன் மீன்பிடிக்கப் போவதை இவ்வளவு விரும்புகிறார்கள்? மகனை அனுப்பலாமா?

அன்புடன்,
ச., தெம்பனிஸ்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்லும் பதிலைத்தான் தூண்டில் போடுபவர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் போதாது என்று நீங்கள் நினைப்பது சரி. அமைதி அங்கே கிடைப்பது உண்மை. எனினும் அதற்காக மட்டும் யாரும் அங்கே போவதில்லை. தூண்டில் நரம்பின் நுனியிலிருந்து முள்ளை வெட்டி எடுத்துவிட்டு, அதே கோலை அதே கடலில் போட்டுக்கொண்டு விடியும்வரை நிற்கச் சொன்னால் ஒருவர்கூட நிற்கமாட்டார். மீன் கிடைக்காமல் திரும்புவதை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். மீன் கிடைக்க வழியே இல்லாத இடத்தில் ஒரு நிமிடம்கூடத் தங்கமாட்டார்கள். ஆகவே மீன் முக்கியமில்லை, மனநிறைவுதான் முக்கியம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மீன் முக்கியம்தான். ஆனால் சந்தைக்குப் போகிறவருக்கு அது முக்கியமாக இருப்பதைப் போல அல்ல.

கண்ணால் காண முடியாத ஓர் இடத்தைக் கையால் அறிந்துகொள்வதுதான் தூண்டிலின் இன்பம் என்பது என் எண்ணம். தண்ணீருக்கு அடியில் நடப்பது எதுவும் மேலே நிற்பவருக்குத் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது, எந்த ஆழத்தில் இருக்கிறது, பசியோடு இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் ஊகிக்கிறார். அந்த ஊகத்தை ஒரு முள்ளில் கோத்துக் கடலுக்குள் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். மீன் மாட்டும்போது, தான் நினைத்தது சரிதான் என்று கடலே சொன்னதுபோல் அவருக்கு இருக்கிறது.

என் பெரியப்பா செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1938இல் பிரிட்டிஷார் திறந்த அந்தத் தளத்தை நம்பித் தமிழர்களும் மலையாளிகளுமாக எத்தனையோ குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தன. அவரிடம் கோல் இருந்ததில்லை, கைத்தூண்டில்தான். ஒரு பால்மாவு டப்பாவில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். ஈயக் குண்டைச் சுழற்றி எறிந்து, அது தரையைத் தொட்டதும் தளர்ந்த நரம்பை இழுத்து, ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்வார். அதன் பிறகு கடலைப் பார்க்கமாட்டார். பெரும்பாலும் கண்ணை மூடியிருப்பார். நாடி பார்க்கும் வைத்தியரின் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர் முகமும் இருக்கும். "மணல்" என்பார். சற்று இழுத்துவிட்டு, "கல் வந்திருச்சு" என்பார். பிறகு, "சின்னது, தின்னுட்டுப் போகட்டும்" என்பார். பக்கத்தில் இருந்த எனக்கு அந்த நரம்பு அசைந்ததாகவே தெரியாது.

அவர் விரல் அறிந்தவற்றை வளர்ந்த பிறகு நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சிறு மீன்கள் இரையை டக் டக்கென்று விடாமல் கொத்தும். அதற்கு அவசரப்படக் கூடாது. களவா ஒரே கவ்வாகக் கவ்வியதும் பாறை இடுக்குக்குள் பாயும். முதல் சில நொடிகளில் அதைத் தூக்காவிட்டால் நரம்பு பாறையில் உரசி அறுந்துவிடும். திருக்கை தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஏதோ பாறையில் சிக்கிக்கொண்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாறை மெல்ல நகரத் தொடங்கும். கணவாய் வந்தால் துடிப்பு இருக்காது, கனம் மட்டும் கூடும். இங்கே சியாக்காப் என்று வழங்கும் கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் கூர்மையானது என்பதால், முள்ளுக்கு மேலே தடித்த நரம்பைக் கொஞ்ச தூரத்துக்குக் கட்டாதவர்கள் அங்கேயே அதை இழந்துவிடுவார்கள். இத்தனையும் இருட்டில், ஓர் ஆளின் கைக்குள் நடந்து முடிகிறது. பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதாகத்தான் தெரியும்.

மீன் கவ்வும் அந்த ஒரு கணம் நம் மரபில் மிகப் பழைய காலத்திலேயே ஒரு கவிஞரின் மனத்தைப் பிடித்திருக்கிறது. குறுந்தொகையின் 54ஆம் பாடலில், தினைப்புனம் காப்பவர்களின் கவண் ஒலிக்கு வெருண்ட காட்டு யானை தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைச் சட்டென்று விட்டுவிடுகிறது. அந்த மூங்கில் மேலெழும் வேகத்துக்கு மீனைக் கவ்விய தூண்டிலை உவமையாகச் சொல்கிறார் கவிஞர். பாடல் நடப்பதோ மலையும் காடும் சார்ந்த குறிஞ்சியில். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று அவரை அழைக்கிறோம். தலைவனிடம் தன் நலன் முழுவதையும் இழந்த பெண்ணின் பேச்சில் அவர் அந்த விசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால், அதை ஒருமுறையாவது தன் கையில் உணர்ந்தவராகத்தான் இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஊகிப்பதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவு ஓர் இரவில் வருவதில்லை. நம் கடலில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மிகுந்து, ஏறத்தாழ 3 மீட்டரைத் தொடுகிறது. அப்போது நீரோட்டம் ஈயக் குண்டை உருட்டிக்கொண்டே போய்விடும். ஏறிய தண்ணீர் நின்று திரும்பும் வேளையையும் அதையொட்டி ஓட்டம் மெல்லத் தொடங்கும் வேளையையும் பழகியவர்கள் விடவேமாட்டார்கள். உங்கள் கணவர் சனிக்கிழமை காலையிலேயே கைப்பேசியில் நீரேற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். மாடிக் கட்டடங்களுக்கும் பெருவிரைவு ரயிலுக்கும் இடையில் வாழ்கிற நமக்கு, அமாவாசை என்றால் பெரும்பாலும் நாள்காட்டியில் ஒரு குறிப்புதான். படகுத்துறையில் நிற்பவருக்கோ அன்று கடல் எப்படி ஓடும், இரை எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். நிலாவுக்குக் கட்டுப்பட்ட ஒரு வேலை இந்த ஊரில் வேறு எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

இது சூதாட்டம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு ஓர் உயிரை விடாமல் முயலச் செய்கிறது என்பதைப் புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் காட்டியிருக்கிறார். தூண்டிலில் அதுவும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகடையை எத்தனை ஆண்டு உருட்டினாலும் உருட்டத் தெரிந்தவர் என்று ஒருவர் உருவாவதில்லை. படகுத்துறையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தூணுக்கு அருகில் நிற்கிறார்கள், என்ன இரை கட்டுகிறார்கள் என்பதை மற்றவர்கள் பணிவோடு கவனிக்கிறார்கள்.

பிடோக் படகுத்துறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமார் 250 மீட்டர் கடலுக்குள் நீண்டிருக்கும் அந்தத் துறை தண்ணீரிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. பெரிய மீன் ஒன்று மாட்டினால் நரம்பைப் பிடித்து மேலே தூக்க முடியாது, பாதியில் அறுந்துவிடும். நீண்ட கயிற்றில் கட்டிய வளைய வலையைக் கீழே இறக்கி, மீனை அதற்குள் செலுத்தித்தான் தூக்க வேண்டும். கோலைப் பிடித்திருப்பவரால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. யாரையும் அழைக்க வேண்டிய தேவையும் இல்லை. கோல் வளைவதைக் கண்டதும் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் சிக்கல் விழாதபடி தங்கள் நரம்புகளைச் சுற்றிக்கொள்வார்கள். மலாய்க்காரப் பெரியவர் ஒருவரோ சீன இளைஞர் ஒருவரோ தம்முடைய வலையோடு வந்து நிற்பார். மீன் மேலே வந்ததும் அதன் மலாய்ப் பெயரை எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், அதற்குள் ஒருவர் படம் எடுத்திருப்பார், பிறகு அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தூண்டிலோடு அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் யாரும் அவர்களை அந்நியராக நடத்தியதை நான் கண்டதில்லை. உங்கள் கணவர் அமைதி என்று சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அதை இலேசாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மீனுக்கு வலிக்காது என்று நம் சிறுவயதில் பெரியவர்கள் சொன்னார்கள். 2003இல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த உணர்வு நமக்குள்ள வலியைப் போன்றதா என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் வலிக்காது என்று உறுதியாகச் சொல்லும் உரிமை இனி நமக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன். அதை அறிந்துகொண்டே தூண்டில் போடுகிறவர் சில கடமைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். உண்ணப் போகும் மீனை உடனே கொல்ல வேண்டும். வாளியில் மூச்சுத்திணற விடக் கூடாது. விடப் போகும் மீனை ஈரக் கையால் பிடித்து, படம் எடுக்கும் ஆசையில் நேரம் கடத்தாமல், உடனே தண்ணீருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றும்போது வாய் கிழியாது. நீர்த்தேக்கங்களில் தோமான் என்னும் பெரிய விரால் மூச்சு வாங்க மேற்பரப்புக்கு வரும். குஞ்சுகள் கூட்டமாக நீந்தும்போது தாயும் தந்தையும் அவற்றைக் காத்து நிற்கும். அந்த வேளையில் எதை எறிந்தாலும் பாய்ந்து கவ்வும் என்பதால் அப்போது அவற்றைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். நல்ல தூண்டில்காரர்கள் அந்தக் கூட்டத்தைக் கண்டால் கோலை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆகவே மகனை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். தட்டில் வரும் மீன் ஓர் உயிராக இருந்தது என்பதைச் சந்தையின் பனிக்கட்டி மேடை அவனுக்குக் கற்றுத்தராது. தன் கையில் துடித்த ஒன்றை என்ன செய்வது என்று அவனே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது அருகில் அப்பா இருப்பது நல்லது. சின்ன மீனைத் திரும்ப விட வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி, போவதற்கு முன்பே அவனை ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

முதல் தடவை இரவு முழுவதும் வேண்டாம். தண்ணீர் ஏறி நிற்கும் நேரம் மாலையில் வருகிற ஒரு நாளாகப் பார்த்து, இரண்டு மணி நேரம் போதும். முடிந்தால் நீங்களும் உடன் போய்வாருங்கள். ஏன் போகிறீர்கள் என்று கணவரிடம் கேட்பதற்குப் பதிலாக, இன்று தண்ணீர் எப்போது திரும்பும், எந்தப் பக்கம் எறியப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தைக்கு மேல் வராதவர் எவ்வளவு பேசுகிறார் என்று உங்களுக்கே தெரியும். நீர்த்தேக்கத்துக்குப் போவதானால், பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்த இடங்களில் மட்டும், செயற்கை இரையைக் கொண்டுதான் மீன்பிடிக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும். பையனுக்கு இப்போதைக்கு விலை உயர்ந்த கோல் வாங்க வேண்டாம். ஒரு கைத்தூண்டில் போதும், விரல் பழகட்டும். யாராவது கோலை வீசும்போது அவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். செம்பிலாங் என்று இங்கே சொல்லும் வரிக் கெளுத்தி வந்தால் அதன் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. அப்பா குறட்டால் அவற்றை வெட்டி எடுக்கும்வரை அவன் அதைத் தொடவே கூடாது.

அன்புடன்.