புதுச்சேரியின் கலாசாரமே அளவுக்கு மீறிக் குடிக்கத் தூண்டுகிறதா?

"கோயம்புத்தூரிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றலாகி வருகிறோம், அந்த ஊர்க் கலாசாரமே குடிக்க வைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "வருகிறோம்" என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றல் வீட்டுக்காரருக்கு, வயிற்றில் புளி கரைவது உங்களுக்கு. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதில்: இல்லை. நான் பாண்டியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஆத்தூருக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சேலம் மாவட்ட ஆத்தூர். இங்கே என்னை "பாண்டிக்காரி" என்று சொல்லும்போது ஒரு சிரிப்பு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

2009 ஆவணியில் என் கல்யாணம். மண்டபம் பாண்டியில். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஆத்தூரிலிருந்து இரண்டு வேன் வருகிறது. மணி ஏழரை ஆச்சு, எட்டரை ஆச்சு, நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டார், வேனைக் காணோம். விழுப்புரத்திலிருந்து வந்தால் வளவனூர் தாண்டியதும் மதகடிப்பட்டு. மாட்டுச்சந்தைக்குப் பேர் போன ஊர். புதுச்சேரி எல்லை அங்கே தொடங்குகிறது, கடைகளும் அங்கேயே தொடங்கிவிடும். இரண்டு வேனும் அங்கேதான் நின்றிருக்கின்றன. வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அவர் குடிப்பதில்லை, இன்று வரைக்கும். மற்றவர்களை இறக்க ஆள் தேவைப்பட்டது.

என் அப்பா தையல்காரர். முத்தியால்பேட்டையில் கடை. "கத்திரி பிடிக்கிற கை நடுங்கக் கூடாது" என்பார், வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அன்றைக்கு சம்பந்திமார் ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்தார். எங்கள் பக்கத்து ஜனம் முப்பது பேர் சாப்பிடாமல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் எது பாண்டிக் கலாசாரம் என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது.

இது பரவாயில்லை. மறுநாள் கல்யாணம் முடிந்து என்னை அழைத்துக்கொண்டு ஆத்தூருக்குக் கிளம்பினார்கள். சீர்ப் பாத்திரமெல்லாம் வேனின் பின்பக்கம். மதகடிப்பட்டு தாண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கல்யாண வேன் என்று விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வயதான ஒரு ஏட்டய்யா ஏறி, அம்மா எனக்குக் கொடுத்த பித்தளை அண்டாவை விரலால் தட்டிப் பார்த்தார். காலி அண்டா என்றால் ணங்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. மேலே மூடியிருந்த புதுத் துண்டை எடுத்தால் உள்ளே பாட்டில்கள், வைக்கோல் திணித்து, முட்டை அடுக்குவது போல அடுக்கி. மொத்தம் இருபத்து மூன்று.

முகூர்த்தப் புடவையோடு காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யார் வைத்தது என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியும், பெரிய மாமனார்தான். மண்டபத்து வாசலில் அண்டாவை அவரே தூக்கி வைத்தபோது "அட, மாமனாரே தூக்குகிறாரே" என்று நான் நெகிழ்ந்துபோனேன், அது வேறு கதை. எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார், "பொண்ணு எந்த ஊரு?"

"பாண்டிங்க."

"அதான பாத்தேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செய்தி போய் அப்பா தன் டிவிஎஸ் 50-இல் வந்தார். வந்தவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. "சீரு எங்க வீட்டுதுங்க ஐயா, எம் பேருலயே எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். பிறகு அபராதம் கட்ட விழுப்புரம் கோர்ட்டுக்கு இரண்டு முறை, கடையைப் பூட்டிவிட்டுப் போய்வந்தார். எங்கள் மாமனார் வீட்டில் அந்தக் கதை இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? "எங்க மருமவ சீரோட சரக்கும் கொண்டாந்தவ." விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதைப் படித்ததும் கீழே வந்து "உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கடை இல்லையா, சாராயக்கடையை அரசாங்கமே ஏலம் விடவில்லையா" என்று கேட்பீர்கள். ஆமாம், விடுகிறது. கள்ளுக்கடையையும் விடுகிறது. சாராயத்தைத் தயாரித்துக் கொடுப்பதே அரசின் வடிசாராய ஆலைதான். வரி குறைவு, அதனால் விலை குறைவு. கடை தனியார் கையில் இருப்பதால் வேண்டிய ரகம் கிடைக்கும், உட்கார்ந்து குடிக்க இடமும் கிடைக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக இத்தனை கடை? மொத்த ஜனத்தொகை 2011 கணக்கில் பன்னிரண்டரை லட்சம்கூட இல்லை, அதுவும் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து. கடைகள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள்: மதகடிப்பட்டு, கடலூர் போகிற வழியில் முள்ளோடை, காரைக்காலில் நாகூரை ஒட்டிய வாஞ்சூர். எல்லாம் எல்லை. மாஹேயில் கேரளாக்காரர்கள் வந்து வாங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் பங்கு போட்டதில் எங்கள் ஊர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மதகடிப்பட்டிலிருந்து பாண்டிக்குள் போவதற்குள் நடுவில் கண்டமங்கலம் என்று மறுபடி தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட ஊரில் எல்லைக்கு அந்தப்பக்கம் விலை கூடினால் இந்தப்பக்கம் கடை முளைக்கத்தானே செய்யும்?

இன்னொன்று. 1937-இல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது எந்த மாவட்டத்தில்? சேலம். என் புகுந்த வீடு! 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது பாண்டி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அந்தச் சட்டம் எங்களுக்கு இல்லை. எங்கள் தாத்தா காலத்திலேயே அந்தப்பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போவார்கள் என்று ஆயா சொல்லும். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தி, திரும்பக் கொண்டுவந்து, கடைசியில் 2003-இல் தமிழ்நாட்டு அரசே டாஸ்மாக் கடை நடத்த ஆரம்பித்தும் பழக்கம் மாறவில்லை. அங்கே கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நின்று கையை உள்ளே விட்டு வாங்கியவன் இங்கே ஏசி போட்ட கடையில் சோப்பு வாங்குவது போல எடுத்துப் பார்த்து வாங்குகிறான். மயங்கத்தான் செய்வான்.

ஊருக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு மட்டும் போகவில்லை, வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். வைசியாள் வீதிப் பக்கம் திண்ணை வைத்த வீட்டில் முப்பத்தொரு வருடம் வாடகைக்கு இருந்தோம். 2016-இல் அப்பா போனார். மறு வருடமே, சனி ஞாயிறு கூட்டத்துக்கு விருந்தினர் விடுதி ஆக்கப்போகிறேன் என்று வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, நாங்கள் மாவு அரைத்த ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருக்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு அவர்கள் வாங்குகிற காசு, அம்மா ஒரு மாதத்துக்குக் கொடுத்த வாடகை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அம்மாவும் அண்ணனும் முத்தியால்பேட்டை ஓரத்தில் வீடு பார்த்துப் போனார்கள். அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. ஆக, அதுவும் எல்லை.

இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தால் மனசு கேட்கவில்லை.

2020 மே மாதம், ஊரடங்கில் மூடியிருந்த கடைகளைப் புதுச்சேரியில் திரும்பத் திறந்தார்கள். எல்லையில் தடுப்பு. விலையும் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக இருக்கட்டும் என்று கூடுதல் வரி போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரன் வர வழியும் இல்லை, வந்தாலும் லாபமில்லை. நான் ஆத்தூரில் இருந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டு, "இப்பவாச்சும் தெரு அமைதியா இருக்குமே" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அமைதியாத்தான் இருக்குது. வட்டம் போட்டு வச்சிருக்கான், வட்டத்துக்கு ஒருத்தனா நிக்கிறானுங்க. அத்தனையும் நம்ம தெருக்காரனுங்கதான்டி. உங்க அண்ணன் மூணாவது வட்டம்."

அண்ணன் வைசியாள் வீதியில் இருந்தபோதும் குடிப்பான். இல்லையென்று சொன்னால் பொய். சம்பள நாளில், தீபாவளிக்கு, மாசிமகத்துக்கு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு தினமும். வீட்டு வாசலிலிருந்து கடைக்கு அறுபது அடி, அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். "நடுவுல ஒரு மைல் இருந்திருந்தா பாதி நாள் சோம்பேறித்தனத்துலயே படுத்துருப்பான்" என்பாள். இப்போது ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறான். போன ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு நேராக வீடு திரும்பியிருக்கிறான். அதை அம்மா என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஆகவே உங்களுக்கு: ஊரில் யாரும் உங்கள் வீட்டுக்காரர் கையில் கிளாஸைத் திணிக்க மாட்டார்கள். குடிக்காதவரை ஒரு மாதிரி பார்க்கிற வழக்கமும் கிடையாது, எங்கள் அப்பாவை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் பழக்கம் இருந்தால், வீடு பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் தெருமுனை வரை நடந்து பாருங்கள். லாஸ்பேட்டைப் பக்கம் உள்ளே தள்ளிப் பாருங்கள், வாடகையும் கொஞ்சம் குறையும். ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்கள் போனில் ஒரு பட்டியல் சொல்வார்கள். முதல் தடவையே முடியாது என்று சொல்லிவிடுங்கள். என் கொழுந்தனார் இன்னமும் "அண்ணி, ஊருக்குப் போறீங்களாமே" என்று ஆரம்பிப்பார். நான் பாண்டி ரொட்டி வாங்கி வந்து கொடுக்கிறேன்.

அந்த அண்டா எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் இறக்குவோம். இறக்கியதும் யாராவது ஒருவர் உள்ளே எட்டிப் பார்ப்பார்.