நாலு தண்ணிக்கு ஓடும் கப்பல்

அன்புள்ள ஐயா,

கோவை கணபதியில் ஒரு சிஎன்சி பட்டறையில் வேலை செய்கிறேன். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் அறிவியல் புனைகதை எழுதிப் பழகுகிறேன். இப்போது எழுதும் கதையில் இரண்டு கிரகங்களுக்கு இடையே 200 ஆண்டுகளாகப் போர். போர் நீள நீளக் கப்பல்கள் பெரிதாகின்றன, ஆயுதங்கள் நுட்பமாகின்றன. சமாதானம் வந்ததும் எல்லாம் தேங்கிவிடுகிறது. போர்தான் அறிவியலை வளர்க்கிறது என்பது என் எண்ணம். ராக்கெட்டே போரில் பிறந்ததுதானே? ஆனால் கதையைப் படித்த நண்பர், "சண்டை நடக்கறப்ப யாருங்க இத்தனை அழகாக் கப்பல் கட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டார். இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

செ., கணபதி

அன்புள்ள செ.,

நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

முதலில் ராக்கெட். சியோல்கோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பள்ளி ஆசிரியர் விண்பயணத்துக்கான கணக்கை 1903இல் வெளியிட்டார். அமெரிக்காவில் கோடார்ட் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டது 1926இல். ஜெட் எஞ்சினுக்கு இங்கிலாந்தில் விட்டில் காப்புரிமை கேட்டது 1930. எல்லாம் அமைதிக்காலத்துச் சரக்கு, பாதி வெந்த நிலையில் கிடந்தவை. போர் வந்து அடுப்பைத் தூண்டிவிட்டது. ஜெர்மனியின் வி-2 ராக்கெட் 1942 அக்டோபரில் முதல்முறை ஒழுங்காகப் பறந்தது, 1944 செப்டம்பரில் லண்டன்மேல் விழ ஆரம்பித்தது. மலையைக் குடைந்து அமைத்த தொழிற்சாலையில் அதைச் செய்தவர்கள் வதைமுகாம் கைதிகள். அது விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம் என்கிறார்கள். உங்கள் இரண்டு அத்தியாயங்களிலும் கப்பல் கட்டும் தளம் வருகிறது, அங்கே ஓர் ஆள்கூட இல்லை. பட்டறையில் வேலை செய்கிறவர் இப்படி எழுதலாமா?

பல்லடம் பக்கம் என் மாமன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சித்திரை வெயிலில், சின்ன வெங்காயம் காயும் நேரம் பார்த்து, கிணற்று மேட்டு மோனோபிளாக் பம்பு மோட்டார் புகைந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை டிவிஎஸ் 50இல் கட்டிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். "ஏனுங்க மாமா, விடியறதுக்குள்ள கட்டிக் குடுங்க. நாலு தண்ணி உட்டாப் போதுமுங்க, அப்புறம் எப்படியோ போகட்டும்." மாமன் கையில் இருக்கிற கம்பியைப் போட்டுக் கட்டுவார். வார்னிஷ் ஊறிக் காய நேரமேது? உள்ளே குண்டு பல்பை எரியவிட்டுச் சூடு காட்டி அனுப்பிவிடுவார். ஐப்பசியில் மழை பிடித்ததும் அதே மோட்டார் திரும்ப வரும். இப்போது பேரிங் மாற்றி, சுற்று எண்ணி, வார்னிஷ் போட்டு, ஒரு வாரம் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கையும் அதே, மோட்டாரும் அதே. எத்தனை நாள் ஓடினால் போதும் என்ற கேள்விக்குத்தான் பதில் மாறியிருக்கிறது.

போர்க்காலத்து எந்திரம் எல்லாமே நாலு தண்ணிக் கணக்குதான். மெசர்ஷ்மிட் 262 என்ற ஜெர்மன் ஜெட் விமானத்தின் எஞ்சின் 10 முதல் 25 மணி நேரம்தான் தாங்கியது. சூடு தாங்கும் உலோகக் கலவைக்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் ஜெர்மனியிடம் போதுமான அளவு இல்லை. அமெரிக்கா 1941க்கும் 1945க்கும் இடையில் லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களை 2,710 கட்டியது. ரிவெட் அடித்துக்கொண்டிருந்தால் ஆகாது என்று பெரும்பாலும் வெல்டிங். ஒரு கப்பலை 4 நாள் 15 மணி நேரத்தில் கட்டி நீரில் இறக்கிக் காட்டினார்கள். அதே வகையில் சில கப்பல்கள் குளிர்கடலில் விரிசல் விட்டன. பரவாயில்லை, அடுத்தது தயாராக இருந்தது.

ஆக, உங்கள் போர்க்கப்பலில் வெல்டிங் திட்டுக்குக் கிரைண்டிங் போட்டிருக்க மாட்டார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே அளவு போல்ட்டாக இருக்கும். நுட்பத்தைத் துரத்திக்கொண்டே போகிற தரப்பு, பழைய ஆயுதத்தை எண்ணிக்கையில் குவிக்கிற தரப்பிடம் தோற்பதை ஆர்தர் சி. கிளார்க் 1951இலேயே சிறுகதையாக எழுதிவிட்டார். அதனால் அந்த வழியில் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, அவர் போகாத சந்து பார்த்துப் போங்கள்.

சமாதானம் வந்ததும் தேக்கம் என்கிறீர்கள். கணபதியிலிருந்து சூலூர் விமானப்படைத் தளம் எத்தனை தூரம்? அங்கே தலைக்கு மேல் போகிற தேஜஸ் போர் விமானம் 1983இல் தொடங்கிய திட்டம். முதலில் பறந்தது 2001இல், படைப்பிரிவில் சேர்ந்தது 2016இல், சூலூருக்கு வந்தது 2018இல். 1940இல் அமெரிக்காவில் மஸ்டாங் என்ற போர் விமானத்தின் மாதிரி உடலை ஆர்டர் கொடுத்த 102 நாளில் பட்டறையிலிருந்து வெளியே உருட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிரிப்பது எளிது, நானும் ஒரு காலத்தில் சிரித்தவன். அமைதிக்கால விமானம் முப்பது நாற்பது ஆண்டு ஓட வேண்டும், ஓட்டுகிறவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அப்புறம், நேரம் கிடைத்தால் ஆளாளுக்கு ஒரு ஆசை வரும். அமெரிக்க விண்ணோடத்தின் பெரிய சரக்கு அறைக்கும் முக்கோண இறக்கைக்கும் விமானப்படையின் கோரிக்கைகள் முக்கியமான காரணம். ஒரே சுற்றுச் சுற்றிவிட்டு ஏவிய இடத்துக்கே திரும்பி இறங்க வேண்டும் என்றார்கள். 135 முறை பறந்ததில் அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. இறக்கையை மட்டும் கடைசி வரை சுமந்தது.

போரும் இல்லாமல் அமைதியும் இல்லாமல் நடுவில் ஒரு காலம் உண்டு, நிஜமான விண்கலங்களில் பல அதில்தான் பிறந்தன. பயத்தின் காலம். 1957இல் ஸ்புட்னிக்கை ஏற்றிப்போன ஆர்-7, அணுகுண்டு சுமக்கச் செய்த ஏவுகணை. நம் ஊரில் தலைகீழ். 1980இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் அடுக்குதான் 1989இல் அக்னி ஏவுகணைக்கு அடிப்படை ஆனது. சோவியத்தின் சல்யூட் 3 விண்வெளி நிலையத்தில் ஒரு பீரங்கியே பொருத்தியிருந்தார்கள். பீரங்கியைத் திருப்ப வழியில்லை, குறி பார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில் அதைச் சுட்டுப் பார்த்தார்கள், உள்ளே ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. உங்கள் லேசர் வர்ணனை மூன்று பக்கத்தைவிட எனக்கு இந்தப் பயம் பிடித்திருக்கிறது.

தேக்கம் என்று நீங்கள் சொல்வதற்கு வேறொரு முகம் இருக்கிறது, அதுதான் உங்கள் கதையின் இடம் என்று நினைக்கிறேன். 1966இல் அமெரிக்க அரசின் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. சோவியத்தை முந்தி நிலாவில் இறங்கியதும் பயம் தெளிந்துவிட்டது, கடைசி மூன்று நிலாப் பயணங்களை ரத்து செய்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து நாசாவின் இளம் பொறியாளர்கள், அந்தச் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். டிராயிங் இருந்தது. எஞ்சின் டிராயிங்படி இல்லை. வெல்டர்களும் பிட்டர்களும் ஒவ்வொன்றிலும் கைப்பக்குவமாகச் செய்திருந்த திருத்தங்கள் தாளில் ஏறவே இல்லை. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நம்பர் மெசினில் மட்டும் ஆஃப்செட் கொஞ்சம் தள்ளிப் போடணும் என்பது எந்த டிராயிங்கில் இருக்கிறது?

போர் முடிந்து ஐம்பது ஆண்டு. பழைய கப்பல் ஒன்றை ஓடவைக்க வேண்டும், அதைக் கட்டியவர்களில் ஒரே ஒரு கிழவிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையை அங்கே தொடங்கிப் பாருங்களேன்.

இன்னொன்று. இரண்டாம் அத்தியாயத்தில் கப்பல் கதவு "சத்தமின்றி வழுக்கித் திறந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். 200 ஆண்டுச் சண்டையில் அந்தக் கதவுக்கு யார் கிரீஸ் வைத்தது? அதை முதலில் திருத்தி அனுப்புங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.