வாசகர் கேள்வி பதில்: அக்காள் மகனின் நிறுவனமும் சேமநிதிப் பணமும்

கேள்வி: ஐயா, வணக்கம். செமிகண்டக்டர் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டு தொழில்நுட்பராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். என் அக்காள் மகனும் அவனுடைய பல்கலைக்கழக நண்பர்கள் இருவரும் சேர்ந்து, ட்ரோன்களை அவற்றின் ஒலியைக் கொண்டே கண்டறியும் கருவி ஒன்றைச் செய்கிறார்கள். முதல் மாதிரி வேலை செய்வதை நானே பார்த்தேன். ராணுவம் வாங்கும் என்று நம்புகிறார்கள். சேமநிதியிலிருந்து 80,000 ரிங்கிட் கொடுத்தால் 4 சதவீதப் பங்கு தருவதாகச் சொல்கிறார்கள். இத்தகைய நிறுவனங்களில் தொடக்கத்திலேயே பணம் போட்டு அமெரிக்கர்கள் பன்மடங்கு ஈட்டியதாகப் படிக்கிறேன். போடலாமா?
– ஓய்வு பெற்ற வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: நீங்கள் படித்தது பொய்யன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில் பாதுகாப்புத் துறைக்கான கணினிப் பணிகளில் தேர்ந்த கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஜார்ஜ் டோரியோவின் முதலீட்டு நிறுவனம் 70,000 டாலர் கொடுத்து ஏறத்தாழ 70 சதவீதப் பங்கை வாங்கியது. அதன் மதிப்பு பிற்காலத்தில் 35 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது 1966-இல்தான். டோரியோ பல நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். ஒன்பது ஆண்டு பொறுத்திருக்கவும் அவரால் முடிந்தது. அவர் போட்ட பணத்துக்கு மாதாந்திர மருந்துச் செலவு என்று ஒன்று இருக்கவில்லை. உங்கள் பணத்துக்கு இருக்கிறது.

இத்தகைய நிறுவனத்தில் இரண்டு ஐயங்களைத் தனித்தனியே எழுப்ப வேண்டும். கருவி வெளியிலும் வேலை செய்யுமா என்பது முதலாவது. தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை அளக்க நாசா வகுத்த ஒன்பது படிகளில், ஆய்வகத்தில் ஓடும் மாதிரி நான்காம் படியை ஒட்டியே நிற்கும். முதல் சில்லு ஓடியதற்கும், உற்பத்தி வரிசையில் ஆயிரத்துக்கு எத்தனை தேறும் என்பதற்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யீல்டு பார்த்தே முப்பத்தோராண்டு கழித்தவர் நீங்கள். ஒலியை வைத்துக் கண்டறியும் முறைக்கு எட்டும் தூரம் குறைவு. காற்றும் மழையும் லாரி இரைச்சலும் அதைக் குழப்பும். ஆகவே அமைதியான அறையில் பார்த்ததை மாலை நேரத்தில் பினாங்குப் பாலத்துக்குப் போகும் சாலையோரத்தில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஐயம், யார் வாங்குவார்கள் என்பது. என் அனுபவத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். ராணுவம் சோதித்துப் பார்த்துப் பாராட்டலாம். பாராட்டுக் கடிதத்துக்கும் கொள்முதல் ஆணைக்கும் இடையே சில வரவுசெலவுத் திட்டங்களே கடந்து போய்விடும், அதுவரை மூன்று இளைஞர்களின் சம்பளத்தை யாராவது கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் இந்த இடைவெளியைக் கடக்க, பங்கு கேட்காமலே சிறு நிறுவனங்களுக்கு ஆய்வுப் பணம் கொடுக்கும் அரசுத் திட்டம் 1982-இல் தொடங்கப்பட்டது. உளவுத் துறையின் ஆதரவோடு இன்-க்யூ-டெல் என்ற முதலீட்டு அமைப்பும் 1999-இல் தொடங்கியது. அது ஆதரித்த பலன்டிர் என்ற தரவு ஆய்வு மென்பொருள் நிறுவனம்கூட, 2003-இல் பிறந்து பங்குச் சந்தைக்கு வரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ராக்கெட்டுகள் தோற்றன. நான்காவது 2008 செப்டம்பரில் சுற்றுப்பாதையை அடைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் வராமல் போயிருந்தால், அந்த வெற்றி மட்டுமே நிறுவனத்தைக் காப்பாற்றியிருக்குமா என்பது ஐயமே.

ஆகவே அக்காள் மகனிடம் கேளுங்கள்: ராணுவம் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்? 2018 டிசம்பரில் ட்ரோன் அச்சத்தால் லண்டனின் கேட்விக் விமான நிலையமே மூடப்பட்டது. விமான நிலையமும் சிறைச்சாலையும் எண்ணெய்க் கிடங்கும் வாங்கக்கூடிய பொருள் என்றால் அது வேறு கதை. காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த கருவி பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் 4 சதவீதம் எதில் 4 சதவீதம்?

என் கருத்து: 80,000 வேண்டாம். சேமநிதியில் வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 சதவீத ஈவுக்குச் சட்ட உத்தரவாதம் உண்டு. இணையவழிப் பங்கு நிதி திரட்டலில் சாதாரண முதலீட்டாளர் ஒரு நிறுவனத்தில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போடக் கூடாதென்று மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. உறவினரிடம் நேரடியாகக் கொடுப்பதற்கு அந்த வரம்பு பொருந்தாது என்றாலும், அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளலாம். மறுத்தால் அக்காள் மனம் நோகும் என்று தயங்குகிறீர்கள் என்றால், பணத்துக்குப் பதில் உழைப்பைக் கொடுங்கள். உற்பத்தியும் தரக்கட்டுப்பாடும் தெரிந்த ஒருவர் அந்த மூவரிடையே இல்லை என்று நினைக்கிறேன். வாரம் ஒரு நாள் ஆலோசகராக இருந்து, அதற்கு ஈடாகப் பங்கைக் கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: தோழி ஒருவரின் மருந்து ஆய்வு நிறுவனத்தில் எனக்கு 2 சதவீதம் தருகிறார்கள். அது கடைசி வரை 2 சதவீதமாகவே இருக்குமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: இருக்காது, அம்மா. அடுத்த முதலீட்டுச் சுற்றில் புதிய பங்குகளை வெளியிட்டு நிறுவனத்தின் 20 சதவீதத்தைக் கொடுத்தால் உங்கள் பங்கு 1.6 ஆகும், மறுபடியும் அப்படியே நடந்தால் 1.28. மருந்து ஆய்வு பத்தாண்டுக்கு மேலும் பணம் தின்னும் வேலை என்பதால் சுற்றுகள் பல வரும். நிறுவனத்தின் மதிப்பு அதைவிட வேகமாக உயர்ந்தால் நட்டமில்லை. பின்னால் வருபவர்கள் கேட்கும் முன்னுரிமைதான் கவனிக்க வேண்டியது. ஒருவர் 1 கோடி ரிங்கிட் போட்டு, விற்கும்போது தம் பணம் முதலில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் செய்திருந்து, நிறுவனம் 1.2 கோடிக்கு விலைபோனால், மற்ற எல்லோருக்கும் எஞ்சுவது 20 லட்சமே. இன்னொன்று: சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான முடிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். 900 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட தெரனோஸ் என்ற அமெரிக்க ரத்தப் பரிசோதனை நிறுவனம் அதைக் காட்டாமலே பணம் திரட்டி, 2018-இல் மூடப்பட்டது.

கேள்வி: பாதுகாப்புக் கருவி செய்யும் நிறுவனத்தில் பணம் போடுவது சட்டப்படி சரியா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பணம் போடுவதற்குத் தடை இல்லை, பொருள் நாட்டை விட்டு வெளியேறும்போது சட்டம் குறுக்கே வரும். 2010-ஆம் ஆண்டின் வியூகப் பொருள் வணிகச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றை ஏற்றுமதி செய்ய அனுமதி வேண்டும். ராணுவம், பொதுப் பயன்பாடு இரண்டுக்கும் உதவும் பொருள்களும் பட்டியலில் உண்டு. வரைபடத்தை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஏற்றுமதியாகலாம். அமெரிக்க உதிரிபாகங்கள் உள்ளே இருந்தால் அந்நாட்டின் மறு ஏற்றுமதி விதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரக்கூடும். பட்டியலைப் படித்தவர் நிறுவனத்தில் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை நிறுத்தி வையுங்கள்.