வாசகர் கேள்வி – பதில்: வாதத்தில் ஓட்டை எங்கே?

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தர்க்கப் பிழைகளைப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தோம். கேட்டால் ஒப்பிக்கிறார்கள். ஆனால், அதே பிழை வாட்ஸ்அப்பில் வந்தால் கோட்டை விடுகிறார்களே?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: பிழையின் பெயர் தெரிவது வேறு, பிழை கண்ணில் படுவது வேறு. முடிவு பிடித்துப்போனால் அதற்கு வந்த வழியை யாரும் சோதிப்பதில்லை. இங்கிலாந்தில் உளவியலாளர் ஜொனாதன் எவன்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தர்க்கப்படி செல்லாத வாதங்கள்கூட (சொன்ன காரணங்களிலிருந்து முடிவு கட்டாயமாக வராதவை), முடிவு நம்பும்படி இருந்தபோது 71 சதவீதம் ஏற்கப்பட்டன. நம்பமுடியாதபடி இருந்தபோது 10 சதவீதம்தான். செல்லுபடியான வாதங்களும் தப்பவில்லை: முடிவு உறுத்தியதும் ஏற்பு 89-இலிருந்து 56 சதவீதமாக இறங்கியது.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். 'நன்றாகப் படிப்பவர்கள் எல்லாரும் விடியற்காலையில் எழுவார்கள். இவள் விடியற்காலையில் எழுகிறாள். ஆகவே நன்றாகப் படிப்பவள்.' பாதிப் பேர் தலையாட்டுவார்கள். உடனே அடுத்ததை எழுதுங்கள்: 'பசுக்கள் எல்லாம் பால் தரும், இந்த ஆடு பால் தருகிறது, ஆகவே இது பசு.' சிரிப்பார்கள். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான் என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும். சந்தேகமான எந்த வாதத்தையும் இப்படிச் சொற்களை மட்டும் மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பழக்கம் பயன்படும்.

கேள்வி: வாதத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்று அளப்பது எப்படி?
– விரிவுரையாளர், தஞ்சாவூர்

பதில்: 16 வாதங்கள் போதும். ஆனால் பதினாறும் பழுதானவையாக இருக்கக் கூடாது. பெரும்பாலான வினாத்தாள்கள் சறுக்குவது இங்கேதான்: கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'பிழை' என்று எழுதுபவனுக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். 10 பழுதானவை, 6 சரியானவை என்று கலந்து வையுங்கள். அந்தப் பத்தில் ஐந்துக்கு மாணவர்களுக்குப் பிடித்த முடிவு, ஐந்துக்குப் பிடிக்காத முடிவு. 'புதுத் தலைமையாசிரியர் வந்தார், தேர்ச்சி கூடியது, அவரால்தான்' என்பதற்கு இணையாக, 'புதுத் தலைமையாசிரியர் வந்தார், மழை பொய்த்தது, அவரால்தான்' என்று ஒன்று. இணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பிழைகளின் பெயரைக் கேட்க வேண்டாம். எந்த வரியில் வழுக்குகிறது என்று அடிக்கோடிட்டு, காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். வாதம் சரியா பிழையா என்று சரியாகச் சொன்னதற்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. சரியான ஆறில் எத்தனைக்குப் 'பிழை' போட்டார்கள் என்பதைத் தனியாக எண்ணுங்கள். பாடம் நடத்திய பிறகு அந்த எண்ணிக்கை ஏறியிருந்தால், அவர்கள் கற்றது சந்தேகப்படுவதை மட்டும்தான். மூன்று வாரம் கழித்து, பார்த்திராத வாதங்களோடு மறுபடி ஒரு தேர்வு வையுங்கள்.

கேள்வி: பேசுபவரின் யோக்கியதையைக் கேள்வி கேட்பது எப்போதுமே பிழையா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை. புகைபிடிக்கும் டாக்டர் 'புகை நுரையீரலைக் கெடுக்கும்' என்றால், அவர் கையிலிருக்கும் சிகரெட்டைக் காட்டி அதை மறுக்க முடியாது. ஆதாரம் அவருக்கு வெளியே இருக்கிறது. கோச்சிங் சென்டர் நடத்துபவர் 'எங்களிடம் படித்த எல்லாரும் பாஸ்' என்றால் கதை வேறு. அங்கே அவர் வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை. அவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: தமிழில் பழைய நூல்களில் வாதப் பிழைகளைப் பற்றியெல்லாம் உண்டா?
– வாசகர், கோவை

பதில்: மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் விரிவாகவே சொல்கிறார். 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), 'புகை இருப்பதால்' என்பது ஏது (காரணம்), 'அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). இவை மூன்றும் கெடும் வகைகளுக்குப் 'போலி' என்று பெயர்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே, புகைதான் என்று கொண்டு நெருப்பைத் துணிவதற்குச் சித்தாசித்தம் என்று பெயர். எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்த படம் என்றே தெரியாமல் சுற்றும் ஃபார்வர்டுகளெல்லாம் இந்த வகையில்தான் சேரும்.