முதல் சம்பளம் தாங்குமளவு கடன்

கேள்வி: என் மகள் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு முடித்திருக்கிறாள். பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதுகலைச் சமூகவியல் படிக்க ஆசைப்படுகிறாள். விடுதிச் செலவும் சேர்த்து இரண்டாண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் ஆகும். நான்கு லட்சம் தர வங்கி ஒப்புக்கொண்டுள்ளது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன். தக்காளியும் கேழ்வரகும் விளைவிப்பதைத் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை. இந்தப் படிப்புக்கு இவ்வளவு கடன் தகுமா?
— ஒரு தந்தை, பாலக்கோடு வட்டம்

பதில்: தகாது என்பதே என் கருத்து. படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கடனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நான்கு லட்சத்தை ஆண்டுக்கு இரண்டு லட்சமாக, 10 விழுக்காடு வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொல்வார்கள். ஆனால் வட்டி அந்த நாள்களிலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த மூன்றாண்டில் தனிவட்டி மட்டுமே ஒரு லட்சம் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் ஐந்து லட்சமாக நிற்கும். அதை ஏழாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 8,300 ரூபாயும், பத்தாண்டில் அடைக்க 6,600 ரூபாயும் கட்ட வேண்டும். நகைக்கடன் வட்டி இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி வரவைப் பாருங்கள். சமூகவியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய பணிகளில், நம் பகுதியிலேயே கிடைக்கக்கூடியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஒப்பந்தப் பணி. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தின்படி அதில் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். முதலில் சொன்ன பணியே கிடைத்து, ஏழாண்டுத் தவணையும் கட்டினால், உங்கள் மகள் கையில் பத்தாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். அதில்தான் அவள் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு, நகையையும் மீட்க வேண்டும். வேலை கிடைக்க ஓராண்டு தாமதமானால் தவணை உங்கள் தலையில் விழும். கல்விக் கடனில் பெற்றோரும் இணைக் கடனாளி என்பதால், தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளை பயிர்க்கடனுக்குப் போய் நிற்கையில் அது குறுக்கே வரும்.

வட்டி மானியத்தை நம்பி இறங்கவும் வேண்டாம். ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மத்திய அரசு தரும் மானியம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியது. 2024-இல் அறிவிக்கப்பட்ட பிஎம் வித்யாலட்சுமி திட்டமோ தரவரிசையில் தேர்ந்த நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் மகள் விரும்பும் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை, சேர்க்கைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

ஆறு லட்சம் கொடுத்து வாங்கும் பட்டத்துக்கு எங்கே கூடுதல் மதிப்பு கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். முதுகலையில் 55 விழுக்காடு எடுத்து கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தகுதித் தேர்வு எழுதுபவரிடம், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாய் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளும் படித்த இடத்தைக் கேட்பதில்லை. பெங்களூருவின் ஆய்வு நிறுவனங்களும், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் திட்டங்களும் கல்லூரியின் பெயரையும் ஆங்கிலத்தையும் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயர் எல்லாத் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை. அங்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதுகலைச் சமூகவியல் முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலாண்மைப் படிப்பு மாணவர்களின் வேலைவாய்ப்புக் கணக்கைக் காட்டிச் சமாளித்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. தருமபுரியிலிருந்து போய்வரும் தொலைவுதான். முதுகலைக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுதினால் புதுச்சேரி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைக்கலாம். இங்கெல்லாம் கட்டணம் குறைவு. கடன் தேவைப்பட்டாலும் சில ஆயிரம் முதல் ஒரு லட்சத்துக்குள் அடங்கும். ஒரு லட்சத்துக்கு ஏழாண்டுத் தவணை மாதம் சுமார் 1,660 ரூபாய்தான். அதை முதல் சம்பளம் தாங்கும்.

இன்னொன்று. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் ஏன் தருமபுரிக்கும் வர நேர்ந்தது, இன்றும் இங்கு குழந்தைத் திருமணங்கள் ஏன் நடக்கின்றன என்பவை சமூகவியல் கேள்விகள். ஊரும் மொழியும் உறவுமுறையும் தெரிந்த பெண்ணுக்கு இங்கேயே கள ஆய்வு காத்திருக்கிறது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சமூகவியல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் 14,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். கல்விக் கடன் மூன்று லட்சத்தில் நிற்கிறது. அடுத்த மாதம் தவணை தொடங்குகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தவணை தவறும்வரை காத்திராமல் இப்போதே வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக் கடனாகிவிடும். அதன்பின் பேசுவது கடினம். திருப்பிச் செலுத்தும் காலத்தைப் பதினைந்து ஆண்டுவரை நீட்டிக் கேட்கலாம். 10 விழுக்காடு வட்டியில், ஏழாண்டுக்கு மாதம் 4,980 ரூபாயாக இருக்கும் தவணை அப்போது 3,225 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். எனவே இப்போது நீட்டி வாங்கிக்கொண்டு, சம்பளம் உயரும்போது அசலில் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே செலுத்துங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; வாய்வார்த்தையாகக் கிடைக்கும் சம்மதம் மேலாளர் மாறியதும் நிற்காது.