காலி நகரைக் காணச் செல்வோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: கொழும்பிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பயணமாகக் காலியைப் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும். ஆயினும் ஓர் இரவு தங்குமாறே சொல்வேன். நண்பகலில் கோட்டை மதிலின்மேல் ஒதுங்குவதற்கு நிழலே கிடையாது. பகல் பயணிகளை ஏற்றிவந்த பஸ்கள் திரும்பிச் சென்ற பின்னர், உள்ளூர்க் குடும்பங்கள் காற்று வாங்க மதிலுக்கு வரும் அந்தி நேரத்தில்தான் இது மக்கள் வாழும் ஊர் என்பதே புலப்படும். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் விரைவாகச் சென்றுவிடலாம், ஆனால் கடலைக் காண முடியாது. கரையோரப் புகையிரதத்தில் வலப்பக்க இருக்கையைப் பிடித்தால் வழிநெடுகக் கடல் உடன்வரும்.

கேள்வி: கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயரா, ஒல்லாந்தரா?

பதில்: தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கல்மதில்களாலும் கொத்தளங்களாலும் விரிவாக்கியதே இன்று நாம் காணும் கோட்டையின் பெரும்பகுதி. 1796இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. இவ்வரலாற்றின் பிற்பாதியைப் பழைய வாயில் ஒன்றிலேயே வாசித்துவிடலாம். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. உள்ளே நுழைந்து திரும்பி அண்ணாந்து பார்த்தால், இரண்டு சிங்கங்கள் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், ரோம எண்களில் 1669 என்ற ஆண்டும், உச்சியில் ஒரு சேவலும் தென்படும். இலத்தீன மொழியில் சேவலைக் குறிக்கும் ‘கல்லுஸ்’ என்ற சொல், ஐரோப்பியர் வாயில் இவ்வூர்ப் பெயரோடு ஒத்து ஒலித்ததால் வந்த சேவல் அது. கம்பனியின் பெயர்ச்சுருக்கமான ‘வி.ஓ.சி.’ என்பதைக் கேட்டுத் தூத்துக்குடி அன்பர்கள் வேறு எவரையும் நினைத்துவிட வேண்டாம்! வாகனத்தில் வருவோர் 1873இல் பிரித்தானியர் திறந்த பெரிய வாயில் வழியாக நுழைந்துவிடுவதால், பலர் இதைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: தமிழ் எழுத்துள்ள சீனக் கல்வெட்டு காலியில் எங்கே இருக்கிறது?

பதில்: காலியில் தேடினால் கிடைக்காது, அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆகவே காலிக்குப் புறப்படும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய வாசகம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தபோது, அது நீர்க்கால் ஒன்றை மூடும் பலகைக்கல்லாகக் கிடந்தது. அதன் மூன்று வாசகங்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல என்பதுதான் வியப்பு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபில் அமைகிறது. தமிழ்ப் பகுதியோ தெனவரை நாயனாரை, அதாவது இன்றைய தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த திருமாலைப் போற்றி, அவருக்குப் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தென்னிலங்கைக் கரைக்கு வந்த சீனக் கப்பற்படை தமிழிலும் பேச வேண்டியிருந்தது என்றால், அக்காலக் கடல் வணிகத்தில் தமிழ் வகித்த இடத்துக்கு வேறு சான்று தேவையில்லை என்பது என் கருத்து. அத்தெவிநுவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்துவிட்டனர்.

கேள்வி: வயதான தாயாரை அழைத்துச் செல்கிறேன். கோட்டைக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: மதில் முழுவதையும் சுற்ற வேண்டாம். 1939இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டின் அருகே இறங்கி, எதிரே உள்ள மீரா பள்ளிவாசலைப் பாருங்கள். முதற்பார்வையில் தேவாலயம் என்றே எண்ணத் தோன்றும். பின்னர் 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அதன் தரை முழுதும் எழுத்தும் சின்னமும் செதுக்கிய கல்லறைப் பலகைகள் பதிந்திருப்பதால், மெதுவாக அடியெடுத்து வைக்குமாறு தாயாரிடம் சொல்லுங்கள். கொடிப்பாறையிலிருந்து இளைஞர்கள் கடலில் குதிப்பதை வேடிக்கை பார்க்கலாம், உடன்வரும் பிள்ளைகள் அதைப் பின்பற்ற விடக் கூடாது.

கேள்வி: 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கோட்டையைச் சிதைக்கவில்லையா?

பதில்: மதில்கள் உட்புறத்தைப் பெருமளவு காத்தன. வெளியே இருந்த பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் கடும் அழிவுக்குள்ளாயின. அம்மைதானம் சீரமைக்கப்பட்டு, 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை அங்கேதான் வீழ்த்தினார். மதிலின்மேல் நின்றால் ஆடுகளம் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் காணலாமா?

பதில்: அந்த எதிர்பார்ப்பு வேண்டாம். கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழுந்த பின்னர், பாறைகள் நிறைந்த காலியைக் கப்பல்கள் மெல்லக் கைவிட்டன. அதற்கு ஈடாகக் கோட்டையின் ஒல்லாந்தப் பண்டகசாலையில் உள்ள கடல்சார் நூதனசாலைக்குச் செல்லுங்கள். 1659இல் இத்துறைமுகத்திலேயே மூழ்கிய ‘அவொன்ட்ஸ்டெர்’ என்ற ஒல்லாந்தக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட பொருட்களை அங்கே காணலாம்.

கேள்வி: கடலில் நட்ட கொம்பின்மேல் அமர்ந்து மீன் பிடிப்பவர்களை எங்கே காணலாம்?

பதில்: காலிக்குக் கிழக்கே கொக்கலை, அகங்கமைப் பகுதிக் கரையில் காணலாம். ஆனால் இன்று பலர் படத்துக்காகவே அமர்கிறார்கள்; படமெடுத்தால் பணம் கேட்பார்கள். தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.